தோல் கொட்டகையில் பிறந்த குடியரசு

அகுவா மான்சாவில் எர்மிந்தா கிரோஸுக்குச் சொந்தமான தோல் கொட்டகைக்குள் யாராலும் மறுத்துப் பேச முடியாது. அங்கே முதலில் எது சொல்லப்படுகிறதோ அதற்கு உள்ளே இருக்கிற எல்லோரும் சம்மதித்துவிடுவார்கள். வேண்டாவெறுப்பாக அல்ல, மனமார. வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம், சொன்னவனை ஆயுள் முழுக்கச் சபிக்கலாம். கொடுத்த சம்மதம் போகாது. கொட்டகை என்னவோ சாதாரணமானதுதான். மண் சுவர், நாணல் கூரை, மாட்டுத்தோலுக்கு உப்புத் தடவி அடுக்கி வைக்க ஒரு நீள மேடை. ஊரின் ஒரே ஊற்று அதன் பின்கட்டில் பொங்கியது. அங்கிருந்து கொட்டகைத் தரையின் நடுவே கல் வாய்க்காலில் ஓடி, முன்வாசல் வழியாக வெளியேறி, இடப்பக்கம் திரும்பி ஊருக்கும் சோளக் கொல்லைகளுக்கும் போனது. தோல் கழுவ வசதியாக இருக்கும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள்.

குடியரசு அந்தக் கொட்டகையில்தான் உண்டானது. அரசருக்கு எதிரான போர் முடிகிற சமயம். தலைவர்கள் கணவாயிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்கு ஆகாது. ஒரே பானையில் சமைத்ததை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மறுத்தவர்கள். ஒருவருக்கு வடக்கே ஒரு நாடு வேண்டும், ஒருவருக்குத் தெற்கே ஒரு நாடு, இன்னொருவருக்கு வேறொரு அரசர். நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்காத விடுதலை விடுதலையே அல்ல என்று எழுதிக்கொண்டிருந்த வக்கீல் ஒருவரும் கூட இருந்தார். ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டதால் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். உள்ளே தோலுக்கு உப்பு அடித்துக்கொண்டிருந்த ஆட்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அவர்கள் இருப்பதையே யாரும் கவனிக்கவில்லை. பள்ளத்தாக்கு முழுவதற்கும் சொந்தக்காரரான கர்னல் மொந்தேரிவாஸ் தலைமுடியிலிருந்து பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டே முதலில் வாய் திறந்தார். "எல்லாரும் ஒரே நாடா இருந்துட்டுப் போவோம். நிலம் மட்டும் யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். வக்கீல் சரி என்றார். செருப்பில்லாத உப்புக்காரர்களும் சரி என்றார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒரே பானையிலிருந்து உப்புக்கண்டம் எடுத்துத் தின்றார்கள். மழை விட்டதும் குதிரை ஏறினார்கள். கணவாய் வரை வக்கீல் அழுதுகொண்டே போனதாகச் சொல்வார்கள். பிறகு அவர்தான் முதல் கல்வி மந்திரி.

சில மாதம் கழித்து அதையே தலைநகரின் அரண்மனையில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விடுமுறை விடுவது அந்த நாளுக்குத்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற ஓவியத்தில் சிவப்புத் திரைச்சீலையும் ஒரு வேட்டை நாயும் உண்டு. ஆலங்கட்டி இல்லை, தோல் இல்லை. ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள் ஒரே மூச்சில் அவ்வளவுக்கும் ஒத்துப்போனதால் அந்தச் சம்மதம் உப்பைப் போலச் சுவரில் இறங்கிவிட்டது என்பது ஊர்க்காரர்களின் விளக்கம். அடுத்த வீட்டு லியோகாடியா அதை ஏற்கமாட்டாள். கொட்டகை எப்போதுமே அப்படித்தான், அங்கே வந்த மாடு ஒன்றாவது தோலைத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறதா என்பாள்.

கொட்டகையின் சாவி தலைமுறையாகக் கிரோஸ் வீட்டில் இருந்தது. வழக்கு வம்பு என்றால் ஊர் நீதிமன்றத்துக்குப் போகாது, சாவி கேட்டு வரும். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர் முதலில் பேச வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அநியாயம் யாருக்கு நடந்தது என்பதை வாசலுக்கு வெளியே பேசி முடிவு செய்வார்கள். அதற்குச் சில சமயம் ஒரு பருவமே ஆகும். விருந்தாளி இருந்தால் மட்டும் விதி வேறு. அகுவா மான்சாவில் விருந்தாளி பேசிய பிறகுதான் வீட்டுக்காரர் பேசுவார். அதனால் வெளியூர்க்காரர் யாரையும் கொட்டகைக்குள் விடுவதில்லை. மொந்தேரிவாஸ் குடும்பத்தாரைத் தடுக்கிற வேலையே இல்லை. அவர்கள் கிட்டே வரவே மாட்டார்கள். அந்தக் கூரையின் கீழ் கால் வைக்கிற வாரிசுக்கு ஓர் அடி நிலமும் கிடையாது என்று கர்னல் சாகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே என்ன நடந்தது என்பதை தலைவர்களின் வீடுகளில் அந்த வீடு ஒன்றுதான் ஒருநாளும் மறக்கவில்லை.

எர்மிந்தாவின் கல்யாணமும் கொட்டகையில் முடிவானதுதான். ஃபிடென்சியோ அப்போது தோல் காயப்போடும் ஆள். அவளும் அவனும் ஆளுக்கொரு முனையில் ஈரத் தோலைப் பிடித்து மேடைக்குத் தூக்கும்போது, என்னைக் கட்டிக்கொள் என்றான். அவள் சரி என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். வெளியே வந்து கையைக் கழுவும்போதுதான், தெருவில் வைத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். பதில் தெரியவில்லை. அவன் நல்லவன். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். அதனால் பதில் தெரிவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒருமுறை வேண்டுமென்றே அவனைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், நாம் பிரிந்துவிடலாம் என்று முதலில் சொல்லிவிடப் பார்த்தாள். வாயைத் திறந்ததும் வார்த்தை வரவில்லை, உப்பு வந்தது. கல்லுப்பு, கை நிறைய. ஒரு சம்மதத்தை இன்னொரு சம்மதத்தால் அழிக்க முடியாது என்று அப்போது தெரிந்தது. உப்பைத் தூக்கிப்போடவில்லை. தோலுக்கு ஆயிற்று.

அவளுக்கு முதுமை தொடங்கிய வருஷம் மொந்தேரிவாஸ் பண்ணை நீதிமன்றத்தில் ஓர் ஆணை வாங்கியது. ஊற்று இருக்கிற நிலம் கர்னல் காலத்திலிருந்து பண்ணையுடையது, அறுவடை முடிந்ததும் வாய்க்காலைப் பண்ணைப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பது ஆணை. அது திரும்பினால் ஊரில் குடிக்க மழைதான். அந்தப் பள்ளத்தாக்கில் மழை நினைத்துக்கொண்டால் வரும். ஊர்ப் பாதிரியார்தான் ஒரு வழி சொன்னார். குடியரசின் பிறப்பிடம் என்று அரசாங்கம் அறிவிக்கிற இடத்தையும் அதன் தண்ணீரையும் யாரும் தொட முடியாது என்று சட்டம் இருக்கிறது, அதைப் போட்டதும் கர்னலேதான் என்றார். அரண்மனையை மனதில் வைத்துப் போட்டிருக்கிறார். எர்மிந்தா கல்யாணத்துக்குத் தைத்த கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு கோவேறு கழுதையில் கணவாயைத் தாண்டி, ரயில் பிடித்துத் தலைநகருக்குப் போனாள்.

நினைவுச் சின்னங்கள் இலாகாவில் அவளை ஒவ்வொரு ஜன்னலாக அனுப்பினார்கள். கொட்டகை சாவியோடு வளர்ந்தவளுக்கு முடியாது என்கிற சொல் பழக்கமில்லை. அங்கே அது வணக்கம் மாதிரி புழங்கியது. ஒரு குமாஸ்தா மட்டும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தான்.

"எந்த ஊரும்மா?"

"அகுவா மான்சா."

"அது நம்ம நாட்டுலதான் இருக்கா?"

"எங்க ஊர்லதான் உங்க நாடு இருந்துச்சு. நீங்க தூக்கிட்டு வந்துட்டீங்க."

"சரிதான். சாட்சி?"

"சுவரு."

"சுவத்த வரச் சொல்லுங்க, கையெழுத்து வாங்கிக்கறேன்" என்று சிரித்தான்.

அவள் போகவில்லை. மாடிப்படியின் கீழே உட்கார்ந்து உப்புக்கண்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையைத் தேடிக்கொண்டு டாக்டர் லியோன்சியோ பர்ரகான் இறங்கி வந்தார். சரித்திர ஆசிரியர், இலாகாவின் ஆலோசகர், இடம் ஒன்றைப் பிறப்பிடம் என்று அறிவிக்க அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவர்கள் கணவாயிலிருந்து இறங்கி அரண்மனைக்கு வந்து சேர்ந்ததற்கு நடுவே சில நாள் எங்கே போயிற்று என்று அவருக்கும் வெகுகாலமாக ஒரு குடைச்சல் இருந்தது. அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். நம்பவில்லை. ஆனால் மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் வருகிறேன் என்றார்.

ஊர் தேவாலய முற்றத்தில் கூடியது. எர்மிந்தா தன் யோசனையைச் சொன்னாள். டாக்டரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போக வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் பேசிவிட வேண்டும். வாக்கியத்தையும் தயார் செய்திருந்தாள். இது குடியரசு பிறந்த இடம், இந்தத் தண்ணீர் இங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான். அவர் சரி என்று சொல்லிவிடுவார், பிறகு மொந்தேரிவாஸ் என்ன, அவன் பாட்டனே எழுந்து வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் போனால் சாவோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விருந்தாளிக்கு முன்னால் பேசுவது என்றால் அது வேறு விஷயம்.

லியோகாடியாதான் ஆரம்பித்தாள். "வீட்டுக்கு வந்த மனுஷன் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ பேசுவியா? நாயா நீ, ஆளப் பாத்ததும் கொலைக்கறதுக்கு?"

"கொலைக்கத்தான் போறேன். தாகத்துல சாகறத விட அது மேல்."

"எங்கம்மா இருந்திருந்தா உன் வாயில மொளகா வச்சிருப்பா."

"உங்கம்மா குடிச்சதும் இந்தத் தண்ணிதான் லியோகாடியா. சும்மாரு."

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன்" என்றான் ஃபிடென்சியோவின் தம்பி. "முதுகக் காட்டிட்டுப் பேசிடு. மூஞ்சியப் பாக்காமப் பேசினா அவ்வளவு மரியாதைக் குறைவா இருக்காது."

"முதுகக் காட்டறது மரியாதையாடா, மடையா?"

கடைசியில் பாதிரியார் எழுந்து, இந்தப் பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு வழங்குவதாகச் சொன்னார். வாக்கெடுப்பு நடந்தது. எர்மிந்தா விருந்தாளிக்கு முன்னால் பேசலாம், இந்த ஒரு தடவை மட்டும். பெண்கள் சிலர் அழுதார்கள். அன்றிலிருந்து எர்மிந்தா துணி துவைக்கும்போதும் மாவு பிசையும்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். ஃபிடென்சியோ திடீர் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு விருந்தாளி மாதிரி உள்ளே வருவான். அவள் சொல்லிவிடுவாள். அவன் மறுபடி வெளியே போய் வேறு நடையில் வருவான். அதற்கும் சொல்லிவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் அவ்வளவு சிரித்தது அந்த வாரத்தில்தான்.

டாக்டர் பர்ரகானின் மோட்டார் கணவாய்க்கு இந்தப் பக்கம் உயிரை விட்டது. மீதி வழியை ஒரு கழுதை மேல் வந்தார், வெயிலில், தொப்பி கூட காற்றில் போய்விட்டது. வாசலில் இறங்கியபோது உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. பேசவில்லை, பேச முடியவில்லை. எர்மிந்தாவுக்கு மனதுக்குள் நிம்மதியாக இருந்தது. இவர் எங்கே முந்திக்கொள்ளப் போகிறார். கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் அழைத்துப் போனாள். ஊர் பின்னாலேயே நுழைந்து சுவரோரமாக நின்றது. நடுவில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் லியோகாடியா குவளை நிறைய ஊற்றுத் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

லியோகாடியா மேல் குற்றமில்லை. யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள், எர்மிந்தாவும் கொடுத்திருப்பாள். தாகத்தோடு வந்தவன் குடித்து முடித்துக் குவளையை இறக்கும் வரை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. இருமல் வந்தால் கூட அடக்கிக்கொள்வார்கள். பழிவாங்கக் கத்தியோடு தேடிப்போனவன் எதிரி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்ததும், அவன் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தப்பிப் போனதும் அங்கே நடந்தவைதான். தேவாலய முற்றத்தில் அவ்வளவு நேரம் பேசியவர்களில் ஒருவருக்கும் இது ஞாபகத்துக்கு வரவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யாராவது முன்கூட்டி யோசிப்பார்களா. எர்மிந்தா வாக்கியத்தை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டரின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று ஃபிடென்சியோ கண்ணால் சொன்னான். அவன் வாயும் மூடித்தான் இருந்தது. டாக்டர் நிதானமாகக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். குவளையை உதட்டிலிருந்து எடுத்தார், கீழே இறக்கவில்லை. அதற்குள் சொன்னார்.

"அடடா. தலைநகர்ல இருக்க வேண்டிய தண்ணி இது!"

அவர் பாராட்டாகச் சொன்னார். அவர் மனதில் வேறு எதுவும் இல்லை.

"ஆமா" என்றது ஊர். "ஆமாங்கய்யா" என்றாள் எர்மிந்தா. அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் தலைநகரில் இருக்க வேண்டியதுதான் என்பது அவளுக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. லியோகாடியா கைதட்டினாள். டாக்டரும் தலையை ஆட்டித் தான் சொன்னதை ஆமோதித்தார். பிறகு எர்மிந்தா தன் வாக்கியத்தைச் சொல்லப் போனாள். உப்பு கொட்டியது. டாக்டர் பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினார். என்ன நோயம்மா இது என்று கேட்டார். அவள் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சால்வை முனையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் முன்வாசல் வழியாக வெளியே வந்து இடப்பக்கம் திரும்பவில்லை. வலப்பக்கம் திரும்பிக் கணவாய்ச் சாலையில் ஏறத் தொடங்கியது. சுமை ஏற்றிய கழுதையின் வேகம்தான், அதற்கு மேல் இல்லை. மேட்டில் கொஞ்சம் மெதுவாகப் போனது. கொட்டகையின் நடுவே ஓடியதால் முந்தின நாள் பேசியது அதற்கும் கேட்டிருந்தது, அதுவும் சம்மதித்திருந்தது. ஊர் குடத்தோடு சாலையில் நின்று பார்த்தது. லியோகாடியா ஓடிப்போய்ச் சேற்றை அள்ளிக் குறுக்கே வரப்புப் போட்டாள். "ஏண்டி, எங்க கெளம்பிட்ட? இங்க உனக்கு என்னடி கொறைச்சல்? உன்ன யாரு அடிச்சா, யாரு வஞ்சா?" என்று கேட்டாள். தண்ணீர் நின்றது. அவள் பேசி முடிக்கும் வரை நின்றது. பிறகு வரப்பின் உயரத்துக்கு எழும்பி, அதைத் தாண்டிக் காலை வைப்பது போல இறங்கி மேலே போனது. ஃபிடென்சியோ அவளைத் தூக்கிவிட்டான். "விடு. நாமளும்தான ஒத்துக்கிட்டோம்" என்றான். டாக்டர் பர்ரகான் கழுதையைத் தண்ணீரின் ஓரமாக நடத்திக்கொண்டு தலைநகர் போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் தண்ணீரிடம் திரும்பிப் போகச் சொல்லிக் கெஞ்சினார் என்று கழுதைக்காரன் பிறகு சொன்னான்.

அரண்மனை முற்றத்தில் வெகுகாலமாக வறண்டு கிடந்த நீரூற்றில் அது போய் எழும்பியது. லேசாகத் தோல் நாற்றம் அடிப்பதாக நகரத்தார் குறைப்பட்டார்கள். ஆரஞ்சு இலை போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள், பிறகு பழகிவிட்டது. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று டாக்டருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். வெயிலில் தொப்பியில்லாமல் போனவர் என்று இலாகாவில் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அரண்மனை முற்றம் குடியரசின் பிறப்பிடம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதனால் அந்தத் தண்ணீரை இனி யாரும் வேறெங்கும் திருப்ப முடியாது. மொந்தேரிவாஸ் பண்ணைக்கும் தண்ணீர் இல்லை என்றாயிற்று. அவர்கள் மாடுகளை விற்றுவிட்டுத் தலைநகரில் அரண்மனைக்கு எதிர்த் தெருவிலிருந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். தண்ணீர் அங்கே வந்துகொண்டிருந்தது.

இதில் கொடுமை, ஊற்று நிற்கவில்லை. எர்மிந்தாவின் பின்கட்டில் எப்போதும் போலக் குளிர்ச்சியாகப் பொங்கியது. ஆனால் எதிலும் தங்காது. குடத்தில் பிடித்தால் விளிம்பு வரை ஏறி, வெளியே இறங்கி, வாசல் தாண்டிச் சாலைக்குப் போனது. மூடி போட்டால் மூடியைத் தூக்கிக்கொண்டு போனது. அடுப்பில் பாதி வெந்த பீன்ஸை அப்படியே விட்டுவிட்டுப் போனது. லியோகாடியாவுக்கு வீம்பு. எல்லோர் முன்னாலும் ஒரு செம்பு நிறைய எடுத்து மடக்மடக்கென்று குடித்தாள். "வயித்துல இருந்து எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்" என்றாள். வயிற்றிலிருந்தும் போனது, அவளையும் இழுத்துக்கொண்டு. இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு, கையில் கரண்டியோடு கணவாய்ச் சாலையில் நடந்தாள். "எவனாவது என் கோழியப் பாத்துக்கங்கடா" என்று கத்திக்கொண்டே போனாள். தலைநகரைச் சுற்றியிருக்கிற குன்றில் தகரம் வைத்து ஒரு குடிசை போட்டு, ரயிலடியில் சோள அடை சுட்டு விற்கிறாள் என்று பிறகு செய்தி வந்தது. மழைநீரைக் குடித்துச் சோளம் விதைத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. தாகம் எடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் குடித்தார்கள், குடித்தவர்கள் நடந்தார்கள்.

அதற்கும் ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. முதல் நாள் ஆட்டை விற்பார்கள். காலையில் குளித்து, போர்வையைச் சுருட்டி, வாசலைப் பெருக்குவார்கள். ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் குடும்பமாக நின்று ஒரே சமயத்தில் குடிப்பார்கள். கைக்குழந்தைக்கு ஒரு சொட்டு, அது நடக்காது, காலை மட்டும் உதைக்கும். இன்னொரு குடும்பம் கொஞ்ச தூரம் வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பும். பாதிரியார் கடைசிப் பூசையை எர்மிந்தாவுக்கும் ஃபிடென்சியோவுக்கும் மட்டும் நடத்தினார். திராட்சை மதுவில் கலக்க வேண்டிய தண்ணீரை ஊற்றிலிருந்து எடுத்தார். எடுக்காதீங்க சாமி என்று எர்மிந்தா சொன்னாள். வேறே தண்ணீர் எங்கே இருக்கிறது மகளே என்று கேட்டுவிட்டுப் பூசை உடையோடு போனார். தலைநகர்க் குன்றுகளில் இப்போது தகரக் கூரைகள் அரண்மனை வரை தெரிகின்றன. அங்கே எல்லாத் தெருவிலும் கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பேச்சுக் கேட்கும். நகரத்தார் இவர்கள் எதற்காக இங்கே வருகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள்.

எர்மிந்தாவும் ஃபிடென்சியோவும் மழைத் தொட்டித் தண்ணீரிலும் கள்ளிப்பழத்திலும் இருந்தார்கள். தொட்டி இருவருக்குப் போதவில்லை. ஃபிடென்சியோ ஒருநாள் குவளையில் ஊற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே முற்றத்துக்கு வந்தான். தண்ணீர் வெளியே ஏறாதபடி உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தான்.

"நீயும் குடி எர்மி. சேந்து போயிடலாம்."

"மாட்டேன்."

"கல்யாணத்துக்கும் இங்க வச்சுத்தான் கேட்டிருக்கணும்" என்றான்.

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா?"

அவள் வீட்டுக்குள் போய் அவனுடைய நல்ல சட்டையை எடுத்து வந்து மாட்டிவிட்டாள், பொத்தானும் போட்டுவிட்டாள். அவன் குடித்தான். திருப்பம் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான், கால் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் உள்ளே வந்து அவன் பங்குத் தண்ணீரையும் தனக்கே வைத்துக்கொண்டாள். தொட்டி இரண்டு மடங்கு நாள் வந்தது.

ஊரில் அவள் மட்டும் இருந்தாள். கொட்டகையில் போய் உட்கார்ந்து சத்தமாகப் பேசிப் பார்ப்பாள். சம்மதிக்கவும் ஆள் இல்லை, மறுக்கவும் ஆள் இல்லை. அந்த வருஷம் மழை வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. தொட்டியின் அடியில் பாசி காய்ந்து உரிந்தது. கள்ளி சுருங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலையில் அவள் பின்கட்டுக்குப் போனாள். ஊற்று எப்போதும் போல இருந்தது. அதன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவள் சம்மதித்த மாதிரிதான் அதுவும் சம்மதித்தது. மிச்சமிருந்த உப்புக்கண்டத்தைத் துணியில் முடிந்துகொண்டாள். ஃபிடென்சியோ விட்டுப்போன காலணிகளில் நல்லதாக ஒரு ஜோடி இருந்தது. நுனியில் பழந்துணி அடைத்து அதைப் போட்டுக்கொண்டாள். வாரைக் கணுக்கால் வரை சுற்றி இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டாள். எழுந்து நின்று நடந்து பார்த்தாள். கடிக்கவில்லை. அதற்குப் பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, போதும் போதும் என்கிற வரை குடித்தாள்.